வீட்டில் தமிழில் பேசுங்கள்

ஆம்பூர்
11.11.2024

வஜீதா அவர்களுக்கு,

ஃபஹீமின் பையில் நான் வைத்து அனுப்பும் நாலாவது சீட்டு இது. முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். பிள்ளையை விட வரும் உங்கள் நாத்தனாரிடம் கேட்டால், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதனால் இந்த முறை முழுக் கடிதமாகவே எழுதுகிறேன். அப்படியாவது படிப்பீர்களா, பார்ப்போம்.

உங்கள் பிள்ளை அங்கன்வாடிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் வாரம் உர்துவில் ஏதோ பேசினான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் குரல் என் காதில் விழவில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான், கட்டைகளை வரிசையாக அடுக்குகிறான். யாராவது அவன் கட்டையைப் பிடுங்கினால்கூட சத்தம் இல்லாமல் அழுகிறான். நாலு வயதுப் பிள்ளை சத்தம் இல்லாமல் அழுவதை முப்பது வருட சர்வீசில் நான் பார்த்ததில்லை. புதுப் பிள்ளைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகும் என்று விட்டது என் சோம்பேறித்தனம். என் பொறுப்பில் இரண்டு சென்டர், ஐம்பத்து மூன்று பிள்ளைகள்.

டிசம்பர் 6-ஆம் தேதி டாக்டர் வண்டி வருகிறது. அவர்கள் படிவத்தில் பேச்சு என்ற இடத்தில் நான் ஒன்று எழுதியாக வேண்டும். சேர்க்கும்போது "நன்றாகப் பேசுவான்" என்று நீங்கள் சொல்லி நான் எழுதியிருக்கிறேன். அது நிஜமா? தயவுசெய்து ஒரு நாள் நேரில் வாருங்கள்.

இன்பம்
அங்கன்வாடி பணியாளர்

14.11.2024

இன்பம் டீச்சருக்கு, ஃபஹீமின் அம்மா வஜீதா எழுதுவது.

நாலு சீட்டும் கிடைத்தது. பதில் எழுதாதது தப்புதான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கம்பெனி வேன் ஏழு பத்துக்கு வாசலில் ஹாரன் அடிக்கும். கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். திரும்பி வர ஏழரை. அப்போது போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட் போய்க்கொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லீவு என்று வாயைத் திறந்தால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, ஒனக்கு மட்டும்தான் புள்ள இருக்குதா?" என்று கேட்கிறார். அவர் தபரேஸின் பழைய தோஸ்த் வேறு. தபரேஸ் என் வீட்டுக்காரர். எத்தியோப்பியாவில் ஷூ கம்பெனியில் வேலை. அவரும் வீடியோ காலில் இதையேதான் கேட்கிறார், பிள்ளை ஏன் பேசவில்லை என்று.

நிஜமா என்று கேட்கிறீர்கள். டீச்சர், அவன் பேசிப் பேசித் தெருவே சிரிக்கும். தண்ணீர் லாரிக்காரருக்கு சலாம் சொல்லி, லாரிக்கு எத்தனை சக்கரம், ஏன் இத்தனை சக்கரம் என்று கேட்டு அவரைப் பேஜார் பண்ணுவான். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ஜூன் மாதம் உங்கள் கையில் கொடுத்தேன். அங்கே யாராவது மிரட்டினார்களா? உங்கள் ஆயம்மா ஜெயம்மாள் கரண்டியைக் காட்டுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிறது. வீட்டில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே செய்து வருகிறோம்.

வஜீதா

18.11.2024

வஜீதா அவர்களுக்கு,

ஜெயம்மாள் கரண்டியைக் காட்டுவது உண்மை. காட்டிவிட்டு அந்தக் கரண்டியாலேயே முட்டையை நசுக்கி, சாதத்தோடு பிசைந்து உங்கள் பிள்ளைக்கு ஊட்டுவதும் அவள்தான். வாய் ஜாஸ்தி, கை கம்மி. உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டவில்லை. காட்டினால் ஒரு வாரம் சாப்பிட மாட்டாள்.

நான் போன் எடுப்பதில்லை என்பதும் உண்மை. இருப்பது ஒரு போன். குடியாத்தத்தில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, யார் வந்தார்கள், யார் எத்தனை கிலோ என்று ஆப்பில் ஏற்றி முடிக்க ஒன்பதாகிவிடும். ஆகக்கூடி நீங்களும் நானும் பிள்ளையின் பை வழியாகத்தான் பேசியாக வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். "நீங்கள் சொன்னதை அப்படியே செய்து வருகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வது ஆயிரம். நகம் வெட்டுங்கள், கீரை கொடுங்கள், கையைக் கழுவச் சொல்லுங்கள். எதைச் செய்து வருகிறீர்கள்? காலையில் எழுவதில் இருந்து தூங்கும்வரை அவன் நாள் எப்படிப் போகிறது, யார் அவனோடு இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். இது எந்த ஆப்பிலும் ஏறாது. நான் மட்டும் படிப்பேன்.

இன்பம்

25.11.2024

டீச்சருக்கு,

ஜெயம்மாள் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட நாளைச் சொல்கிறேன். நான் கிளம்பும்போது அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். அவன் புப்பு என்று கூப்பிடும் அத்தை, என் நாத்தனார் புஷ்ராதான் குளிப்பாட்டி, ரொட்டி கொடுத்து உங்களிடம் விடுகிறாள். நாலு மணிக்குக் கூட்டிவந்து, நான் வரும்வரை வைத்திருக்கிறாள். நான் வந்ததும், "சாப்ட்டியா? மூஞ்சி கழுவு. தூங்கு." அவ்வளவுதான் டீச்சர். பதினோரு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துவிட்டு வந்தால் அதற்கு மேல் தமிழ் என் வாயில் வருவதில்லை.

தமிழ் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஜூன் 12-ஆம் தேதி தாய்மார் கூட்டத்தில் நீங்கள் சொன்னீர்கள். "வீட்டில் தமிழில் பேசுங்கள், அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் பிள்ளை திணறாது" என்று. எனக்கு அது மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்தது. நான் ஒன்றாவது போனபோது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பாத்ரூம் போக வேண்டும் என்று உர்துவில் கேட்டேன், யாருக்கும் புரியவில்லை. பாவாடையை நனைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நிலைமை என் பிள்ளைக்கு வரக்கூடாது.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன், ஃபஹீம் காதில் உர்து விழக்கூடாது என்று. புஷ்ரா உர்து ஸ்கூலில் படித்தவள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அதனால் அவன் எதிரில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவன் கேட்டால் போனில் தமிழ்க் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிடுவாள். தபரேஸையும் தமிழில்தான் பேசச் சொன்னேன். அவர் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். அவன் உர்துவில் ஆரம்பித்தால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவோம். "தமிழ்ல சொல்லு" என்போம். அடித்ததில்லை டீச்சர், அல்லா மேல் ஆணை.

பக்ரீத் அன்றைக்குக்கூட விடவில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். செய்கிறேன்.

வஜீதா

26.11.2024

வஜீதா,

உன் கடிதத்தைக் காலையில் படித்தேன். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஜெயம்மாள், "இன்னாம்மா, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

தப்பு என்னுடையது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும், உர்து பேசும் வீடுகளுக்கெல்லாம் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். எனக்கு யார் சொன்னார்கள் என்பதுகூட ஞாபகம் இல்லை. போன வருடம் வேலூரில் நடந்த பயிற்சியில் ஒரு அம்மா வந்து, பிள்ளைக்கு வீட்டுப் பேச்சுதான் அஸ்திவாரம், அதில் நிறையப் பேசவிடுங்கள், அதன் மேல்தான் இன்னொரு பாஷை நிற்கும் என்று விளக்கமாகச் சொன்னார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எடைக் கணக்கை ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இந்த ஜூனிலும் பழையதையே சொன்னேன்.

மற்ற தாய்மார்கள் எல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் எப்போதும்போல் பேசினார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்கே வந்து இரண்டு பாஷையிலும் சண்டை போடுகின்றன. நீ ஒருத்திதான் நான் சொன்னதை அப்படியே கேட்டாய்.

தமிழை விட்டுவிடு. அது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கே உர்துவில் பேச ஆரம்பியுங்கள். புஷ்ராவைப் பேசச் சொல். பாடட்டும், திட்டட்டும், வெங்காயம் உரிக்கும்போது என்ன செய்கிறாள் என்று சொல்லட்டும். கார்ட்டூன் வேண்டாம். இதனால்தான் பேச்சு நின்றது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர் வண்டி வரும்போது காதையும் பார்க்கச் சொல்கிறேன்.

உன்னை நீ என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்பம்

3.12.2024

டீச்சர்,

ஒரு வாரமாக எழுதப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

தமிழில் பேசுங்கள் என்றீர்கள், பேசினேன். இப்போது பேசாதே என்கிறீர்கள். நாங்கள் என்ன ரேடியோவா, நீங்கள் திருகினால் நிற்பதற்கும் பாடுவதற்கும்? உங்களுக்கு அது ஒரு வாக்கியம். என் பிள்ளைக்கு அது ஆறு மாதம்.

புஷ்ராவிடம் உங்கள் கடிதத்தை உர்துவில் சொன்னேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "பாபி, அவன் எங்கிட்ட வந்து வந்து நின்னான். ஏதாவது சொல்லு புப்புன்னு என் தாவாங்கட்டையைப் புடிச்சித் திருப்புனான். நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்கதானே பாபி சொன்னீங்க?" என்றாள். அவளுக்கு இருபது வயது.

நேற்று மழையால் கம்பெனி லீவு. அவனை மடியில் வைத்துக்கொண்டு, உர்துவில், பேட்டா, வெளியே எவ்வளவு மழை பார் என்று ஆரம்பித்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு விரலை எடுத்து என் உதட்டில் வைத்தான்.

வஜீதா

9.12.2024

வஜீதா,

நீ திட்டியது எல்லாம் சரி. இன்னும் இருந்தாலும் எழுது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வண்டி வந்தது. காது நன்றாகக் கேட்கிறது. டாக்டரம்மா அவனோடு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினார். அவர் சொன்னதை எல்லாம் அவன் செய்தான், பேசவில்லை. நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். மூன்று மாதம் பார்ப்போம், மார்ச்சிலும் இப்படியே இருந்தால் வேலூருக்கு அனுப்பி முழுசாகச் சோதிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "பணியாளர் தவறான ஆலோசனை கொடுத்தார்" என்று அதில் எழுதினேன். எங்கள் சூப்பர்வைசர் மேடம் படித்துவிட்டு, "ரிடயர் ஆகுற நேரத்துல ஒங்களுக்கு இன்னாத்துக்கு டீச்சர் இந்த வம்பு? அடிச்சிடுங்க" என்றார். அடிக்கவில்லை. இருக்கிற களைப்பில் பயம் எல்லாம் எனக்குத் தோன்றுவதில்லை.

ஒரு உதவி வேண்டும். புஷ்ராவை தினமும் பதினொன்றில் இருந்து பன்னிரண்டுவரை இங்கே வந்து உட்காரச் சொல்வாயா? உர்து பேசும் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவள் அவர்களோடு உர்துவில் கதை சொல்லட்டும், விளையாடட்டும். ஃபஹீமிடம் பேச வேண்டாம். அவன் காதில் விழுந்தால் போதும். நானும் பத்து வார்த்தை கற்றுக்கொண்டு வந்து இன்றைக்குப் பேசிப் பார்த்தேன். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். உன் பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் கட்டையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்பம்

6.1.2025

டீச்சருக்கு,

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஃபஹீம் பேசுகிறான். எனக்குத்தான் அது செய்தியாக வந்து சேர்கிறது.

புஷ்ரா சொல்கிறாள், சென்டரில் அவள் கதையைத் தப்பாகச் சொன்னபோது, "அப்படி இல்ல புப்பு" என்று திருத்தினானாம். பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், பூனையைப் பிடித்து வைத்து அதட்டுகிறானாம். தண்ணீர் லாரிக்காரர்கூடச் சொல்லிவிட்டார். தபரேஸிடம் போனில் பேசுகிறான், அவர் அங்கே அழுகிறாராம். எல்லாருக்கும் கிடைத்துவிட்டது.

நான் வந்தால் கரண்ட் போன மாதிரி ஆகிவிடுகிறது டீச்சர். வாசலில் என் காலடி கேட்கும்வரை உள்ளே அவன் குரல் கேட்கிறது. நேற்று கதவுக்கு வெளியே கால்மணி நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் நானே திருடி மாதிரி. உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டான். மரியாதையாக எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நாலு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு எதற்கு மரியாதை தர வேண்டும்?

வீட்டில் எல்லாரும்தானே பேசாமல் இருந்தார்கள்? என்னிடம் மட்டும் ஏன்? தபரேஸ் வேலையை விட்டுவிடு என்கிறார். இந்த மாதத்தோடு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அலுத்துவிட்டது டீச்சர். சம்பாதிப்பது யாருக்காக என்றே புரியவில்லை.

வஜீதா

8.1.2025

வஜீதா,

வேலையை விடாதே. விட்டுவிட்டு நாள் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இருவருக்கும் ஆகாது.

உன்னிடம் மட்டும் ஏன் என்று கேட்கிறாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னதால்தானே இவ்வளவும். நான் சும்மா இருபது நாளாகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். புஷ்ரா அவனை ஒரு தடவைகூட "பேசு" என்று கேட்கவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். அவன்தான் தானாக வந்து ஒட்டிக்கொண்டான். நீயும் கேட்காதே. "அம்மிகிட்ட சொல்லு, சொல்லுடா ராஜா" எல்லாம் வேண்டாம். வந்ததும் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து உன் கதையைச் சொல். மெஷினில் ஊசி உடைந்ததா, வேனில் யார் சண்டை போட்டார்கள், மதியம் என்ன சாப்பிட்டாய். உன் பாஷையில், உனக்கு வருகிற மாதிரி. அவன் கேட்டாலும் சரி, கேட்காத மாதிரி இருந்தாலும் சரி.

நான் எது சொன்னாலும் நீ ஒரு நாள் தவறாமல் செய்வாய் என்று தெரியும். அதனால் இதைச் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் முடியாவிட்டால் விட்டுவிடு. சும்மா பக்கத்தில் படுத்துத் தூங்கு.

இன்பம்

10.2.2025

டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை ஃபஹீமின் பையில் அனுப்பவில்லை, புஷ்ராவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு மாதமாக நீங்கள் சொன்னபடி என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஏழெட்டு நாள் விட்டுவிட்டேன், அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனேன். அவன் கேட்பான், பேச மாட்டான். ஒரு நாள் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது மட்டும் சிரித்தான். அதுவே போதும் என்று இருந்தேன்.

இன்று காலையில் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். வேன் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றான். என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மி, குஸ்ஸா கயா?" என்று கேட்டான்.

கோபம் போய்விட்டதா என்று கேட்கிறான் டீச்சர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா கோபம்டா, யாருக்கு?" என்றேன். உனக்குத்தான் என்றான். அப்புறம் சொன்னான். ரொம்ப நாளைக்கு முன்னால் என் கம்பெனி ஐடி கார்டைத் தண்ணீர் ட்ரம்மில் போட்டுவிட்டானாம். நான் கத்தினேனாம். அதில் இருந்து நான் அவனோடு பேசவில்லையாம். புப்புவையும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேனாம். அப்பாவையும். "இனிமே போட மாட்டேன் அம்மி" என்றான்.

எனக்கு அந்தக் கார்டு ஞாபகமே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தால், ஆமாம், ஜூன் மாதம் புதுக் கார்டு வாங்கினேன். உங்கள் கூட்டத்துக்கு முந்தின நாளோ என்னவோ. இந்த எட்டு மாதமும் அவன் செய்த தப்புக்கு நான் கொடுத்த தண்டனை என்று நினைத்திருக்கிறான். நான் கேட்காமலே அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் அதற்குத்தான்.

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேன் டிரைவர் சத்தார் பாய் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் இல்லடா, எப்பவும் இருந்ததே இல்லடா என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. மறுபடியும் கேட்டான், நான் மறுபடியும் சொன்னேன். இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு தடவை கேட்டுவிட்டான்.

இன்று நான் கம்பெனிக்குப் போகவில்லை. அவனையும் அனுப்பவில்லை. ஆப்சென்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

வஜீதா